நீங்கள் யாருடைய ஆள் என்று கேளுங்கள்

கம்போங் மேடான், தாமான் மேடான், லிண்டுங்கான், டேசா ரியா வட்டாரத்தில் குடியிருந்து பேக்டரிக்கும் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் வேலைக்குப் போகும் அண்ணன் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



“கம்பெனி கைமாறுதாம்” என்ற பேச்சு ஃப்ளாட் லிஃப்ட்டுக்குள் ஏறிவிட்டால், மேல்மாடி போய்ச் சேர்வதற்குள் அதற்கு நாலு வால் முளைத்துவிடுகிறது. சிங்கப்பூர்க்காரன் வாங்குகிறானாம், பாதிப் பேரை அனுப்பிவிடுவார்களாம், போனஸ் கிடையாதாம், பேக்டரியே நீலாய்க்குப் போகிறதாம். யார் சொன்னது என்று கேட்டால் லோரி ஓட்டும் மாமா சொன்னார் என்பார்கள். மாமாவுக்கு யார் சொன்னது என்றால், ஸ்டோர் கிராணி.

ஐந்தாவது வாலை ஒட்டவைக்க இந்த மடலை எழுதவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் சம்பளக் கணக்கு எழுதும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். கம்பெனி விற்கப்படும்போது உள்ளே யார் யார் வருகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், அவர்கள் கையிலிருக்கும் காகிதத்தில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். இந்த விஷயம் நமக்குப் புதிதில்லை என்பதால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன்.

நம் தாத்தா பாட்டிகள் விற்கப்பட்டிருக்கிறார்கள். ஆளாக விற்கவில்லை, தோட்டத்தோடு சேர்த்துக் கைமாற்றினார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கிய தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஓர் ஆய்வே எழுதியிருக்கிறார். துண்டு நிலத்துக்காரனுக்கு லயம் எதற்கு, ஆயாக் கொட்டகை எதற்கு, தமிழ்ப்பள்ளி எதற்கு? அப்போதுதான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்வெட்டுத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் இருந்த புக்கிட் சிடிம் தோட்டத்தை. நம் ஆட்கள் வாங்குபவரின் நாற்காலியில் உட்கார்ந்த அபூர்வமான தருணம் அது. அதற்குப் பிறகு பெரும்பாலும் விலைப்பட்டியலில்தான் இருந்திருக்கிறோம்.

1981 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. லண்டன் பங்குச்சந்தை திறந்து நான்கு மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனம் மலேசிய அரசு சார்பு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கைக்கு வந்தது. சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் தோட்டம். பெர்மோடாலானின் தலைவர் துன் இஸ்மாயில் அலி. களத்தில் நின்றவர்களில் ஒருவர் பின்னாளில் சிலாங்கூர் மந்திரி புசாரான காலிட் இப்ராஹிம். ஆலோசனை சொன்னது ரோத்ஸ்சைல்டு வங்கி. இந்தப் பெயர்களெல்லாம் வரலாற்றில் இருக்கின்றன. நாட்டுக்கு அது பெருமையான நாள்தான், மறுக்கவில்லை. லண்டனில் காலை என்றால் இங்கே பிற்பகல். பால் நிறுத்து, வாளி கழுவி, தொழிலாளி வீட்டுக்குத் திரும்பியிருக்கும் நேரம். மறுநாள் விடியலில் அதே பெரட்டு, அதே நிரை.

பிறகு 2007 நவம்பர் 30-ஆம் தேதி கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாகிப் புர்சா பங்குச்சந்தையில் ஏறின. இணைப்புக்கென்று உருவாக்கிய நிறுவனத்துக்கு சினர்ஜி டிரைவ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 2017-இல் அதே நவம்பர் 30 அன்று, அதே குழுமம் மூன்றாகப் பிரிந்தது. 2024-இல் அதன் தோட்டப் பிரிவுக்கு எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றினார்கள். சுற்றிச் சுற்றிப் பழைய பெயருக்கே வந்தாயிற்று. சேர்ப்பதற்கும் ஆலோசகர்கள் இருந்தார்கள், பிரிப்பதற்கும் ஆலோசகர்கள் இருந்தார்கள், இரண்டுக்கும் கட்டணம் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்பாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறியபோது வெளியே வந்தவர்கள் எங்கெங்கே ஒதுங்கினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001 மார்ச்சில் நடந்த கலவரத்தில் இங்கே இரத்தம் சிந்தியபோது, இத்தனை பேர் இந்த இடுக்கில் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று நாடே கேட்டது. கணிசமானவர்களைப் பொறுத்தவரை, எங்கோ ஒரு மேசையில் கையெழுத்தான நில விற்பனைதான் அதற்கு விடை.

இனி இன்றைய கதைக்கு வருவோம். கம்பெனி விற்பனை என்றால் முதலில் விற்கிறவர். நம் பகுதியில் பெரும்பாலும் அவர் ஒரு தவுக்கே. சிறிய பட்டறையாகத் தொடங்கி நாற்பது வருஷம் உழைத்தவர். பிள்ளைகள் மெல்பர்னில் டாக்டர், லண்டனில் வக்கீல். கடை நடத்த யாரும் திரும்பி வரப்போவதில்லை. அவருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்கள் மகள் கல்யாணத்துக்கு அங்பாவ் வைத்திருக்கிறார். “எதுவும் மாறாது, பயப்படாதீங்க” என்று அவர் சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றும் அதிகாரத்தை விற்றுவிட்டுத்தான் சொல்கிறார். பல விற்பனைகளில் விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, அவர் ஓரிரண்டு வருஷம் கூடவே இருந்து லாபம் காட்டினால்தான் மீதியைக் கொடுப்பார்கள். அந்த வருஷங்களில் பேக்டரி அமைதியாக ஓடினால்தான் அவருக்கு அந்தப் பணம். அவர்மேல் கோபப்பட வேண்டாம். அவர் வாய்வார்த்தையை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம்.

வாங்குகிறவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வாங்குகிறவன் எல்லாம் ஒரே மாதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் கம்பெனி செய்யும் அதே பொருளைச் செய்கிற போட்டிக் கம்பெனி வாங்கினால், அவனுக்கு வேண்டியது உங்கள் வாடிக்கையாளர்களும் மெஷினும். கணக்குப் பிரிவும் கிடங்கும் லோரியும் அவனிடம் ஏற்கெனவே உண்டு. அங்கே முதலில் ஆட்டம் காண்பது கிராணிகளின் நாற்காலி, பிறகு ஸ்டோர், பிறகு டிரைவர்கள். மெஷின் ஓட்டுகிறவர் பெரும்பாலும் கடைசி. முதலீட்டு நிதியம் வாங்கினால் கதை வேறு. அவர்களுக்கு இந்தத் தொழிலே தெரியாது, ஆகவே நடத்தத் தெரிந்தவர்களைச் சட்டென்று கலைக்கமாட்டார்கள். ஆனால் ஐந்தாறு வருஷத்தில் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டுப் போவதுதான் அவர்கள் தொழில். ஓ.டி. குறையும், காலி இடம் நிரப்பப்படாது, ஒருவர் இரண்டு மெஷின் பார்ப்பார், அப்புறம் நீங்கள் மறுபடியும் கைமாறுவீர்கள். அரசு சார்பு நிறுவனம் வாங்கினால் ஆட்குறைப்பு மெதுவாக, மரியாதையான பெயரோடு வரும்: வி.எஸ்.எஸ். (விருப்ப விலகல்), எம்.எஸ்.எஸ். (இருதரப்பு ஒப்புதல் விலகல்) என்று. ஆகவே “யார் வாங்குகிறார்கள்?” என்பதோடு நிற்காமல் “எதற்காக வாங்குகிறார்கள்?” என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியானால் புர்சாவுக்குக் கொடுக்கும் அறிவிப்பில் காரணத்தை அவர்களே எழுதியிருப்பார்கள். அது யாரும் திறந்து படிக்கக்கூடியது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பத்து நிமிஷ வேலை.

விற்பனைக்கு முன்னே பேக்டரிக்குள் திடீரென்று வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் சிலர் வந்து ஸ்டோக் எண்ணுவார்கள், மெஷின் நம்பரைக் குறிப்பார்கள், ஆள் கணக்குக் கேட்பார்கள். தொழிலாளர் இலாகாவிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அவர்கள் வாங்குகிறவர் அமர்த்திய கணக்காய்வாளர்கள். ராத்திரி இரண்டு மணி வரை லேப்டோப்பில் உட்காரும் சம்பளக்காரர்கள்தான், கெட்டவர்கள் இல்லை. அவர்கள் தயாரிக்கும் கணக்கில் ‘கம்பெனி பிறருக்குக் கொடுக்க வேண்டியது’ என்ற பகுதி ஒன்று உண்டு. வங்கிக் கடன், வரி பாக்கி, இவற்றோடு ஆட்களை நிறுத்தினால் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகையையும் கணக்குப் போட்டுவைப்பார்கள். அதாவது உங்கள் சர்வீஸ் வருஷங்களுக்கு அங்கே ரிங்கிட்டில் ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சுமை யார் தலையில் என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் வாரக்கணக்கில் இழுபறி செய்கிறார்கள். எங்கள் பிரிவில் அவர்களுக்கு அந்த ஆள் கணக்குப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்த நாளில்தான், நம் உழைப்பின் மதிப்பு நம்மைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

அந்த விலையைச் சட்டமே சொல்கிறது. 1980-ஆம் ஆண்டின் வேலை நிறுத்தல், தற்காலிக நிறுத்த ஈட்டுத்தொகை விதிகளின்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். பதினேழு வருஷம் வேலை செய்த ஒரு அக்காவுக்கு 340 நாள் சம்பளம் வருகிறது. ஒரு வருஷக் கூலியைத் தொட்டுவிடும் தொகை. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த விதி பொதுவாகப் பொருந்தாது, அவர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான்.

இப்போது கேண்டீனுக்கு வாருங்கள். பெயர் சொல்ல வேண்டாத ஒரு கம்பெனி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூட்டி, புது நிர்வாகத்தின் மனிதவள அதிகாரி மைக் பிடித்துப் பேசினார். ஒரே குடும்பம், புது வாய்ப்பு, ஆளுக்கொரு பொட்டலம் கறிபஃப். கடைசியில் ஆளுக்கொரு கவர் கொடுத்து, “சம்பளம் அதேதான், ஷிஃப்ட்டும் அதேதான், சைன் பண்ணிட்டுப் போங்க” என்றார். பாக்கிங் பிரிவில் பதினேழு வருஷம் இருந்த அந்த அக்கா கண்ணாடியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. பிறகு மலாயில் மெல்லக் கேட்டார்: “என்சிக், வேலையில் சேர்ந்த தேதி என்று அடுத்த மாதம் முதல் தேதி போட்டிருக்கே?” அதிகாரி சிரித்தார். சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி என்றார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால் 340 நாளும் ஆவியாகியிருக்கும் என்று அவருக்குக் கணக்குத் தெரியாது. பழைய கடிதத்தில் வேறு தேதி இருந்தது என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் போடவில்லை. தேதி திருத்திய கடிதம் பிறகு வந்தது.

அந்த அதிகாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கம்பெனி சேர்ந்தால் இரண்டு மனிதவளப் பிரிவு ஒன்றாகும். மைக் பிடித்துப் பேசுகிறவருக்கே ஆறு மாதத்தில் வேலை இருக்குமா என்பது சந்தேகம். அதனால் அவர் யாரிடம் நல்ல பேர் எடுக்கப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வக்கீல்களிடம் நமக்கு ஒரே ஒரு கேள்விதான்: விற்றது பங்கையா, வியாபாரத்தையா? ஆலய நிர்வாகக் குழு மாறினாலும் ஆலயத்தின் பதிவு அப்படியே இருப்பதுபோல, பங்குகள் மட்டும் கைமாறினால் கம்பெனி அதே கம்பெனி. உங்கள் முதலாளி சட்டப்படி மாறவில்லை. புதுக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கவே காரணம் இல்லை. வியாபாரத்தை, மெஷினை, ஆர்டரை வேறொரு கம்பெனி வாங்கினால்தான் முதலாளி மாறுகிறார். அப்போது புது முதலாளி ஏழு நாளுக்குள், பழையதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வர வேண்டும். தந்து நீங்கள் ஏற்றுக்கொண்டால் பழைய சர்வீஸ் தொடர்ச்சியாக எண்ணப்படும். நியாயமான காரணமில்லாமல் மறுத்தால் ஈட்டுத்தொகை கிடையாது. அவர் வேலை தராவிட்டால் பழைய முதலாளி உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும்; ஈட்டுத்தொகைக்குப் பழைய முதலாளியும் புது முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வாரம் நோட்டீஸ். சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயரும் பதிவெண்ணும் மாறியிருக்கிறதா என்று பார்த்தாலே எந்த வகை விற்பனை என்று பாதி தெரிந்துவிடும்.

தொழிற்சங்கம் இருக்கிற இடத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1967-ஆம் ஆண்டின் தொழில்துறை உறவுச் சட்டப்படி, கூட்டு ஒப்பந்தம் பழைய முதலாளியோடு முடிந்துவிடாது; அவருக்குப் பின் வருகிறவரையும் கட்டுப்படுத்தும். சங்கத்தால் ஆகப்போவது என்ன என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். 2011 ஆகஸ்டில் மலேசிய விமான நிறுவனத்துக்கும் ஏர் ஆசியாவுக்கும் பங்கு மாற்று உடன்பாடு கையெழுத்தானது. விமான நிறுவன ஊழியர் சங்கம் விடாமல் எதிர்த்தது. 2012 மே மாதம் உடன்பாடு ரத்தானது. சங்கம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு மேசையில் ஊழியர்களுக்கென்று ஒரு குரல் இருந்தது. அதே நிறுவனத்தில் 2015-இல் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். தனிச்சட்டம் இயற்றி, பழைய கம்பெனியின் வியாபாரத்தைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினார்கள். சுமார் 20,000 பேருக்கு வேலை முடிந்தது. அவர்களில் ஏறக்குறைய 14,000 பேருக்குப் புது வேலைக் கடிதம் வந்தது. சங்கம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நம்புவதும் சரியில்லை.

இணைப்பு நடக்காமல் போனால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். சி.ஐ.எம்.பி., ஆர்.எச்.பி., எம்.பி.எஸ்.பி. ஆகிய நிதி நிறுவனங்கள் மூன்றும் சேரும் பேச்சு 2014-இல் ஆரம்பித்து 2015 ஜனவரியில் முறிந்தது. அதே 2015-இல் சி.ஐ.எம்.பி., ஆர்.எச்.பி. இரண்டும் ஊழியர்கள் விலகிப்போகும் திட்டங்களை அறிவித்தன.

இதையெல்லாம் படிக்கும்போதே சிலருக்கு, “எனக்குக் கடிதமே வராதே” என்று தோன்றியிருக்கும். குத்தகைக் கம்பெனி மூலம் அலுவலகம் கூட்டித் துடைக்கப் போகும் அக்காமார்கள், காவலுக்கு நிற்கும் மாமாக்கள். இரண்டு அலுவலகம் ஒன்றாகி ஒரு கட்டடத்தைக் காலி செய்தால், முதலில் வேலை போவது உங்களுக்குத்தான். எந்தப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்காது. உங்கள் முதலாளி அந்தக் குத்தகைக் கம்பெனி; மேலே சொன்ன 1980-ஆம் ஆண்டு விதி அவரையும் கட்டுப்படுத்தும். “சைட் மூடிட்டாங்க, வேற சைட் வரும்போது கூப்பிடுறேன்” என்பதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் நேப்பாளத் தம்பியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் பெர்மிட் முதலாளியின் பெயரில் கட்டப்பட்டது. முதலாளி மாறினால் அவனுக்குச் சம்பளத்தோடு தங்கும் உரிமையும் ஆடும். அவன் மலாய் உங்களைவிடக் குறைவு; கடிதத்தை அவனுக்கும் படித்துச் சொல்லுங்கள்.

நம் வட்டாரத்தில் வளர்ந்து, கணக்கியலும் சட்டமும் படித்து, இன்று பங்சார் சவுத்திலும் கே.எல். சென்ட்ரலிலும் இந்த விற்பனைகளுக்கு வேலை பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கம்போங் டத்தோ ஹாருண் நிலையத்தில் காலையில் கொம்யூட்டர் ஏறும் உங்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வேலையை விடச் சொல்லவில்லை. ஆள் கணக்குப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது அதில் ‘வேலையில் சேர்ந்த தேதி’ என்ற பத்தி விடுபட்டிருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள். ஊழியர்களுக்கான கடித வரைவு உங்கள் மேசைக்கு வந்தால், பழைய சர்வீஸ் தொடரும் என்ற வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலாளரிடம், “இது பின்னால் வழக்காகும்” என்று சொல்லுங்கள். நியாயம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார். வழக்கு என்றால் நின்று கேட்பார்.

மற்றவர்களுக்கு, கையோடு செய்ய வேண்டியவை. முதல் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பள உயர்வுக் கடிதம் இவற்றை இன்றைக்கே ஒரு ஃபைலில் போடுங்கள். கரையான் அரித்த பெட்டியில் வேண்டாம். போனில் படமும் எடுத்துவையுங்கள். கையெழுத்துக் கேட்டால், வீட்டில் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். ராஜினாமா என்ற சொல் உள்ள எந்தத் தாளிலும், எவ்வளவு இனிக்கப் பேசினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்குச் சொக்சோவின் வேலைக் காப்புறுதி உதவித்தொகை கிடைக்காது. கம்பெனி அறிவித்த வி.எஸ்.எஸ்., எம்.எஸ்.எஸ். மூலம் வெளியேறியவருக்குக் கிடைக்கும். அதற்கு வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்று தோன்றினால் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். அதற்கும் கெடு 60 நாள்தான். சொந்தக்காரரைக் கேட்டு, சங்கத் தலைவரைக் கேட்டு, எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நம்பர் எடுத்து உட்கார்ந்து அறுபத்தொன்றாவது நாள் போனவர்களை எனக்குத் தெரியும். இலாகாவில் இரக்கப்பட்டார்கள், மனுவை எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறுபதில் சேரும். தீபாவளி லீவும் சேரும்.

அன்புடன்,
கம்போங் மேடான்வாசி ஒருவன்